சுவரைப் பார்த்து நின்றவள்

வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள் அமகல்லா. போன பிறைக்கு இருந்ததைவிட உப்பு கூடியிருந்தது. கள் ஊறவைத்து விற்கிறவளுக்கு நாக்குதான் முதல். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, இடித்து, ரொட்டியாகச் சுட்டு, ஊறப்போட்டு, நுரைக்கவிட்டு, இத்தனை பாடும் பட்டபிறகு குடிக்கிறவன் முகத்தைச் சுளித்தால், அது தண்ணீரின் குற்றம் என்று எவனும் சொல்வதில்லை. கிர்தாப் ஊரில் எதுவுமே தண்ணீரின் குற்றம் இல்லை. ஆறு மேற்கே விலகிப் போனது மேலூர்க்காரர்களின் குற்றம். கோதுமை பொய்த்தது விதையின் குற்றம். கோதுமையை விட்டுவிட்டுப் பார்லி போட்டார்கள். அதுவும் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்று யோசிக்க ஆரம்பித்தபோது, உழவர்களுக்குப் பக்தி போதவில்லை என்று கோயிலிலிருந்து சேதி வந்தது. காலையில் வயல் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததைப் பனி என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தார்கள். வெயில் ஏறியும் போகாத பனி.

அவள் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பியபோது கோயில் வாயில்காப்போன் உர்தூன் முன்கட்டில் உட்கார்ந்து, சாடிக்குள் நாணல்குழலை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது தினப்படி பூசை. பின்கட்டில், நாணல்பாய்த் தடுப்புக்கு அந்தப்பக்கம், மகள் நின்மு நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு பேரீச்சம்பழத்தில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் படகுக்குப் பூசக் கீல் வாங்கிவர மேல்நாட்டுக்குப் போயிருந்தான். ஆறே விலகிப்போன ஊரில் படகுக்குக் கீல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

"அமகல்லா, உனக்குக் கோயில்ல வேலை வந்திருக்கு," என்றான் உர்தூன், குழலை வாயிலிருந்து எடுக்காமலே. "பெரிய சாடியில வேணுமாம். அடுத்த பௌர்ணமிக்கு."

"என்ன விசேஷம்?"

"பழைய ஆளுங்களையெல்லாம் கீழ இறக்கறாங்க."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "கீழன்னா?"

"குழிதான். பீடத்துக்குப் பக்கத்துல தரையைத் தோண்டியாச்சு. ஆனா புதைக்கறதுன்னு சொல்லக் கூடாது. 'சாமி காலடிக்குப் பதவி உயர்வு'ன்னு சொல்லணும். தர்மகர்த்தா எங்க எல்லாரையும் நிக்கவெச்சுச் சொல்லிக்குடுத்தாரு."

பின்கட்டில் கொட்டை நீக்கும் சத்தம் நின்றது.

என்கியின் கோயிலுக்குள் ஊர்ச்சனங்கள் போக முடியாது. நல்ல தண்ணீருக்கெல்லாம் அதிபதியான அந்தச் சாமியை, தண்ணீர் சுமக்கிறவர்கள் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் சாமி இரக்கமில்லாதவர் அல்ல. ஆளுக்குப் பதில் ஆளின் உருவத்தைக் கல்லில் செய்து கொடுத்தால் உள்ளே நிற்க வைத்துக்கொள்வார். மார்பில் கைகோத்து, ஊர்ப்பட்ட கண்ணை விரித்துக்கொண்டு அந்தக் கல் இரவும் பகலும் வேண்டிக்கொண்டே நிற்கும். அதற்குக் கால் வலிக்காது, பசிக்காது, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை வராது, வேண்டுதலின் நடுவில் உலையில் வைத்தது ஞாபகத்துக்கு வராது. ஊரில் கொஞ்சம் வசதி உள்ள எல்லாருமே இப்படி இரண்டு ஆளாக இருந்தார்கள். ஒருத்தன் வெளியே பொய் சொல்லிக்கொண்டிருப்பான். இன்னொருத்தன் உள்ளே அவனுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அமகல்லாவின் கல் உள்ளே போனது நின்முவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வருஷம். சதுப்புக் காய்ச்சல் அவளையும் பிடித்திருந்தது. பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டில் பிள்ளைகளைத் தூக்கிப் போயிருந்தார்கள். அவள் இருந்த ஒரே பசுவை ஓட்டிக்கொண்டுபோய்ச் சிற்பியின் வாசலில் கட்டினாள். சிற்பியிடம் வெள்ளை மாக்கல்லில் செய்த பொம்பளை உருவங்கள் முன்கூட்டியே தயாராக வரிசையில் நின்றன. ஒற்றைத் தோள் புடவை, கோத்த கை, சிப்பியும் கருங்கல்லும் கீலில் பதித்த கண். "மூக்கு என்னுது மாதிரி இல்லையே," என்றாள். "பசுவுக்கு இந்த மூக்குதான் வரும்," என்றான் அவன். "உன் மூக்கு வேணும்னா கன்னுக்குட்டியும் வேணும்." கன்று இல்லை. ஆகவே சாமிக்கு முன்னால் இத்தனை வருஷமாக அமகல்லாவுக்கு வேறு யாருடைய மூக்கோதான்.

ஆனாலும் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். பின்வரிசையில் கொண்டுபோய்ப் போட்டுவிடக் கூடாதே என்று, கல்லோடு கூட ஒரு சாடி கள்ளையும் உர்தூனிடம் கொடுத்தாள். தான் ஊறவைத்ததிலேயே காட்டமான கள். "முன்னால நிக்கட்டும் அண்ணே. சாமி கண்ணு நேரா படற இடத்துல." உர்தூன் மார்பில் அடித்துச் சத்தியம் செய்தான். மறுநாள் விடியற்காலை நின்முவுக்குக் காய்ச்சல் விட்டு வேர்த்தது. எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள்.

அதற்கப்புறம் அமகல்லாவின் நடையே மாறிப்போனது. கோயில் மதிலைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே தனக்கு வேண்டப்பட்ட ஆள் ஒருத்தி உத்தியோகத்தில் இருப்பதுபோல ஒரு நிமிர்வு. போன வருஷம் நின்முவின் முதல் பிரசவத்தில் பிள்ளை கால் முன்னால் வந்தது. செத்தே வந்தது. நின்மு மூன்றாம் நாள்தான் கண் விழித்தாள். அப்போதும், கல் நின்று என்ன பலன் என்று ஊரார் சொன்னதற்கு அமகல்லா தலையாட்டவில்லை. பிள்ளைக்கு உள்ளே யாரும் நிற்கவில்லை, அது போனது. மகளுக்கு ஆள் நின்றது, அவள் பிழைத்தாள். கணக்கு அவளுக்குச் சரியாக இருந்தது. இப்போது, அதே வயிறு மறுபடி நிறைந்து நிற்கிற நேரத்தில், அந்த ஆளைத்தான் குழிக்குள் இறக்கப்போகிறார்கள்.

"ஏன் இப்ப?" என்று கேட்டாள்.

"இடம் பத்தலை. தர்மகர்த்தா தன்னைச் செஞ்சு முடிச்சுட்டாரு." உர்தூன் கையை அகல விரித்துக் காட்டினான். விரிப்பு போதாமல் எழுந்து நின்று காட்டினான்.

*

தர்மகர்த்தா இனிம்சிதா கோயில் வெளிமுற்றத்தில் தன்னைத்தானே சுற்றிவந்துகொண்டிருந்தார். அதாவது தன் சிலையை. மழித்த தலை, அடுக்கடுக்காகக் கம்பளி தொங்கும் பாவாடை, சட்டி அளவு கண்கள். நிஜ இனிம்சிதாவுக்கு வயிறு முன்னாலும் தோள் பின்னாலும் இருந்தன. சிற்பி ஊர் நன்மையை உத்தேசித்து இரண்டையும் இடம் மாற்றியிருந்தான். இவருக்குக் கன்றுக்குட்டியும் போயிருக்க வேண்டும். மூக்கு அசல்.

அமகல்லா எட்டி நின்று கைகோத்துக் கும்பிட்டாள்.

"யாரு? ஆங், கள்ளு," என்றார் அவர். பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்வது கீழ்நிலை ஊழியம் என்று அவருக்கு ஒரு கொள்கை.

"ஐயா, உள்ள நிக்கிறதுல என்னுது ஒண்ணு இருக்குங்க. மகளுக்கு இது மாசம். போன தடவை கெட்டுப்போச்சு. அவ பெத்துப் பிழைக்கற வரைக்கும் மட்டும் அதை நிக்க விடணும். அப்புறம் நானே வந்து இறக்கித் தரேனுங்க."

"நாள் குறிச்சாச்சேம்மா. நானா குறிச்சேன்? ஆட்டை அறுத்து ஈரல்ல குறி பார்த்தது. சாமி இந்த வீட்டுல நெரிசலா இருக்குன்னு சொல்றாரு. கிழக்குச் சுவரோரம் பெரிய விளக்கு ஒண்ணு வரணும்னு ஈரல்ல தெளிவா இருக்கு." விளக்கு என்று சொல்லும்போது அவர் பார்வை சிலையின் மேல் வாஞ்சையோடு படிந்தது.

ஓர் ஆட்டின் ஈரலுக்கு இத்தனை ஊர்விவகாரம் தெரிந்திருக்குமானால் அந்த ஆடு கோயில் பக்கமே வந்திருக்காது. ஆனால் அதைச் சொல்கிற இடத்தில் அமகல்லா இல்லை.

"கொஞ்ச நாள்தானுங்க ஐயா."

"நீ புரிஞ்சுக்கணும். அங்க நின்னா சாமியைத் தூரத்துல இருந்து பார்க்கும். கீழ போனா சாமி காலடி. யாருக்குக் கிடைக்கும் அது? எனக்கே இன்னும் கிடைக்கலை." இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு கணம் தயங்கினார்; சொன்னது தனக்கே அவ்வளவாகப் பிடிக்காததுபோல் இருந்தது. பிறகு குரலை உயர்த்தினார். "அப்புறம், கள்ளுக்குச் சாமி கிணத்துத் தண்ணிதான் எடுக்கணும். வாய்க்கால் தண்ணி ஆகாது. சாமி கிணறு தேன்."

சாமி கிணறு எப்படி என்று ஊருக்கே தெரியும். வாய்க்காலாவது வாயில் வைத்தபிறகுதான் கரித்தது. கிணற்றுத் தண்ணீர் கிட்டப் போகும்போதே வாடை அடித்தது. ஆனால் நல்ல தண்ணீரின் அதிபதியுடைய கிணறு உப்பானால் அது என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டிவரும். யோசிப்பதைவிடக் குடித்துவிடுவது சுலபம். திருவிழா நாட்களில் அதைக் குடித்துவிட்டு "தேன்" என்று சொல்லாதவன் கிடையாது. போன வருஷம் ஒரு சின்னப்பெண் "கரிக்குது" என்று சொல்லப்போக, அவள் அப்பன் அவளுக்கு ஜுரம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அமகல்லா தேனை இரண்டு குடம் இறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கள் நுரைக்க மறுத்தது. எந்தத் தெய்வத்தை வேண்டினாலும், கள்ளுக்கென்றே இருக்கிற நின்காசியை வேண்டினாலும், உப்புக்குப் பயந்து ஊறல் செத்த குட்டையாகக் கிடந்தது. சாடியடியில் தங்கிய பழைய மண்டியைச் சேர்த்து, பேரீச்சம்பாகைக் காய்ச்சி ஊற்றி, பாயைச் சுற்றிக் கதகதப்பாக வைத்தபிறகு மூன்றாம் நாள் மெல்ல ஒரு முனகல் கேட்டது. நின்மு சாடியில் காதை வைத்துக் கேட்டாள். இப்போதெல்லாம் அவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்பதை அமகல்லா கவனித்திருந்தாள். சாடியைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அந்த உள்ள இருக்கிறவ இல்லாட்டி நான் செத்துப்போயிருவேனா?"

"வாயில அடி."

"இல்லம்மா, கேக்கறேன். அவளை மண்ணுக்குள்ள வெச்சா அவ கண்ணுல மண்ணு விழும்ல? அப்புறம் எப்படிச் சாமியைப் பார்ப்பா?"

அமகல்லா சாடியின் பாயை இழுத்து மூடினாள். இதற்குப் பதில் தர்மகர்த்தாவிடமும் இருக்காது, ஈரலிலும் இருக்காது. அன்று அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு முடிவுக்கு வந்தாள். ஊர்ச்சனங்களை விடாவிட்டாலும், கள்ளை ஊற்ற அவளை உள்மண்டபம் வரை விட்டுத்தான் ஆகவேண்டும். குழியில் இறக்குவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, கல்லின் காதில் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பிரசவத்தை மட்டும் சேர்த்துக் கேட்டுவிட்டு இறங்கு. இத்தனை வருஷம் சாமியின் முகத்தைப் பார்த்து நின்றவள் சொன்னால் அவர் தட்டமாட்டார்.

*

பௌர்ணமியன்று காலையில் கழுதையின் மேல் சாடிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து நின்மு கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. அந்த அடங்கிய குரலைக் கேட்டதும் அமகல்லா கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மருத்துவச்சி வந்தாள். முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, பிரசவச் செங்கற்களைத் தரையில் இடைவெளி விட்டுப் போட்டு, நின்முவின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணும் சொல்ற மாதிரி இல்லை. திரும்பினாலும் திரும்பும். நீ போய்ட்டு வந்துரு. கோயில் வேலையை விட்டா நாளைக்குத் தர்மகர்த்தா என்னையும் சேர்த்துத்தான் கேப்பான். வெயில் உச்சிக்கு வரதுக்குள்ள வா."

"போம்மா," என்றாள் நின்மு, செங்கல்லில் ஒரு காலை வைத்தபடி. உதட்டில் வேர்வை. "அவகிட்டச் சொல்லு. பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லு. போன தடவை மாதிரி எனக்கு மட்டும் சொல்லிட்டு நிக்கப் போறா."

கோயிலில் யாருக்கும் அவளைக் கவனிக்க நேரமில்லை. முன்வாசலில் இனிம்சிதா மாட்டிக்கொண்டிருந்தார். கல் இனிம்சிதா. சிற்பி தோளுக்குச் செய்த உபகாரம் வாசலுக்குள் நுழையவில்லை. நேராக விட்டார்கள், பக்கவாட்டில் விட்டார்கள், கடைசியில் தலைகீழாக விட்டுப் பார்த்தபோது பாவாடை மாட்டிக்கொண்டு, மழித்த தலை தரைக்குச் சாண் உயரத்தில் தொங்கியது. அந்தச் சட்டிக் கண்கள் உலகத்தைப் புதிதாகப் பார்த்தன. கயிறு பிடித்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். நிஜ இனிம்சிதா சிறிது நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு, "வாசலைப் பெரிசாக்கணும்னு சாமி உத்தரவு," என்று அறிவித்து, கடப்பாரை கொண்டுவரச் சொன்னார்.

உர்தூன் அவளைப் பக்கவாசல் வழியாக உள்ளே விட்டான்.

முதலில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு எள்ளெண்ணெய் விளக்கு. பிறகு கண்கள். சுவரோரமாக, மண் திட்டுகளின் மேல், ஆளும் ஆளுமாக, ஊரே அங்கே நின்றுகொண்டிருந்தது. செத்துப்போன படகோட்டிகள், உயிரோடு இருக்கிற வட்டிக்காரன், அவளுடைய கடையில் குடித்துவிட்டுக் காசுக்குப் பதில் கதை சொல்லும் ஓலைப்பாய்க்காரன், எல்லாரும் கைகோத்து, பல் வலிக்காரர்கள் மாதிரி வாயை இறுக்கி, ஒரே திசையைப் பார்த்தார்கள். அந்தத் திசையில், திரைக்கு அப்பால், சாமி. திரை ஒதுங்கியிருந்தது. மரத்தில் செய்து செம்புத்தகடு போர்த்திய சின்ன உருவம். தகடு ஒரு கன்னத்தில் உரிந்து மரம் தெரிந்தது. வாசலில் தொங்குகிறவருக்கு இவர் முழங்கால் உயரம்கூட வரமாட்டார். அமகல்லாவுக்கு ஏனோ அவர்மேல் ஒரு பரிவு வந்தது. இவ்வளவு பேரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மேல் தோல் உரியாது.

கள்ளைத் தொட்டியில் சரித்துக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தாள். அவள் அங்கே இல்லை. அடுத்த வரிசையிலும் இல்லை. வேறு மூக்கு என்பதால் தனக்கே அடையாளம் தெரியவில்லையோ என்று மறுபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அண்ணே, நான் எங்க இருக்கேன்?"

உர்தூனுக்குத் திடீரென்று விளக்கின் திரியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அவள் மூலைக்குப் போனாள். எண்ணெய்ச் சாடிகளுக்குப் பின்னால், கடைசித் திட்டில், ஒரு முதுகு தெரிந்தது. ஒற்றைத் தோள் புடவையின் முதுகு. எல்லாரும் சாமியைப் பார்க்க, அது ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூக்குக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் நுழைகிற இடம்.

அமகல்லா கிட்டப் போய்த் தொட்டாள். கல் குளிர்ந்து ஈரமாக இருந்தது. சுவரில், கல்லின் கண்ணுக்கு நேரே, உப்பு பூத்திருந்தது. தரையிலிருந்து கிளம்பி, செங்கல்லுக்குச் செங்கல் ஏறி, பூச்சை ஊதிப் பொரித்துக்கொண்டு, வயலில் பூக்கிற அதே வெள்ளை. திட்டின் மேலும் ஏறியிருந்தது. கல்லின் பாதங்கள் இருந்த இடத்தில் பிட்டு மாவு மாதிரி ஒரு குவியல். புடவை விளிம்புவரை அரித்துத் தின்றிருந்தது.

இத்தனை வருஷம் இவள் பார்த்தது இதைத்தான். சாமியை அல்ல. உப்பு வளர்வதை, ஊரில் எல்லாருக்கும் முன்னால், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். அப்படியானால் அன்றைக்குக் காய்ச்சல் விட்டது? போன வருஷம் மூன்றாம் நாள் கண் விழித்தது? யாரிடம் கேட்டு, யார் கொடுத்தது? அமகல்லாவின் நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று, அடியில் மண் கரைந்த வாய்க்கால் கரைபோல, சத்தமில்லாமல் உள்வாங்கியது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கல்லைத் திருப்பினால் இப்போதும் சாமி தெரிவார். ஒரு கையால் திருப்பிவிடலாம். திருப்பிக் காதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதற்குத்தான் வந்தாள்.

அவள் கையை வைத்தாள். திருப்பவில்லை. யாருடைய தயவும் இல்லாமலே பிழைத்துக் கிடந்த மகள் வீட்டில் செங்கல்லில் கால் வைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளை இந்தக் கல் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எந்தப் பெண்ணுக்காக வேண்டுகிறோம் என்றே தெரியாமல் ஒருத்தி எப்படி வேண்டுவாள்?

முன்வாசலில் கடப்பாரை விழுந்தது. ஒரு பெரிய சரிவுச் சத்தம், புழுதி, அதன் நடுவில் "தலை! தலையைப் பிடிங்கடா!" என்று இனிம்சிதாவின் கதறல். எல்லாரும் அந்தப்பக்கம் ஓடினார்கள்.

அமகல்லா கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். முழங்கை நீளம், கைக்குழந்தையின் கனம். காலி சாடிக்குள் தலை மேலாக இறக்கி, மூடுபாயைப் போட்டாள்.

பக்கவாசலில் உர்தூன் நின்றுகொண்டிருந்தான். ஓடாமல் நின்றவன் அவன் ஒருவன்தான். சாடியைக் கழுதையின் மேல் ஏற்ற ஒரு கை கொடுத்தான். கொடுத்தவன் அப்படியே நிறுத்தினான்.

"காலி சாடிக்கு என்ன இவ்ளோ கனம்?"

"மண்டி அண்ணே."

அவன் மூடுபாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தான். உள்ளேயிருந்து அவனை இரண்டு கண்கள் பார்த்தன. சாமி சொத்தைத் தொட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பது வாயில்காப்போனைவிட யாருக்குத் தெரியும். கள்ளுக்கடைக்காரிக்கு ஒரு கை போகும். காவலுக்கு நின்றவனுக்கும் ஒன்று போகும். கழுதை காதை ஆட்டியது.

"மண்டிக்கு மூக்கு வெச்சிருக்கியே," என்றான் மெல்ல. பாயை இழுத்துச் சரியாக மூடி, நார்க்கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், கழுதையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு உன் கள்ளு ரொம்பக் காட்டமா இருந்துச்சு அமகல்லா. எனக்கு எது முன்பக்கம்னே தெரியலை. அப்புறம் திருப்பப் போனேன். உம் பொண்ணு பிழைச்சுட்டான்னு சொன்னாங்க. சரி, கை வைக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவள் கழுதையை ஓட்டினாள். உள்ளே யாரோ எல்லாருக்கும் கள் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். புழுதியில் இருமிக்கொண்டே ஒருத்தர் பின் ஒருத்தராக, "தேன், தேன்," என்று சொல்வது தெரு திரும்பும்வரை அவளுக்குக் கேட்டது.

*

வீட்டில் நின்முவின் சத்தம் வாசல்வரை வந்துவிட்டிருந்தது. முன்கட்டில் காத்திருந்த குடிகாரர்கள் இரண்டுபேர் இந்தச் சத்தத்துக்கு எழுந்து போய்விடுவதா, இருப்பதா என்று தெரியாமல் குழலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமகல்லா சாடியை இடுப்பில் தாங்கியபடி அவர்களைத் தாண்டி உள்ளே போனாள்.

நின்மு செங்கற்களின் மேல் குந்தி, மேலே விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். மருத்துவச்சி கீழே மண்டியிட்டிருந்தாள். அவள் நிமிர்ந்து அமகல்லாவைப் பார்த்த பார்வையில், திரும்பிவிட்டதா இல்லையா என்பதற்கு எந்த விடையும் இல்லை.

அமகல்லா கல்லை வெளியே எடுத்து, மகளுக்கு நேரே தரையில் வைத்தாள். அது நிற்கவில்லை. பாதம் இருந்தால்தானே நிற்க. சாய்ந்து விழப்போனதைப் பிடித்தாள். மூலையில், பிழிந்துபோட்ட பார்லிச்சக்கை இன்னும் ஈரமாகக் குவிந்து கிடந்தது. அதை இரண்டு கை அள்ளிவந்து, குழைத்து மேடாக்கி, அதில் கல்லை முழங்கால்வரை புதைத்து அழுத்தினாள். இப்போது நின்றது.

"ஐயோ, என்னடி இது? கோயில்லேருந்தா?" என்றாள் மருத்துவச்சி. பிறகு, "எனக்குத் தெரியாது. நான் பார்க்கலை. நான் வேற வேலையா இருந்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

நின்மு கண்ணைத் திறந்தாள். "யாரும்மா இது?"

"நாந்தான்."

நின்மு அந்தக் கல்லை மேலும் கீழும் பார்த்தாள். வலிக்கு நடுவில் அவள் முகத்தில் பழைய குறும்பு ஒரு கணம் வந்து போனது. "இந்த மூக்கோடவா இவ்வளவு நாள் எனக்குக் கேட்டே?"

அமகல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று ஆரம்பித்தது வேறு எதுவாகவோ முடிந்தது. அவள் மகளின் பின்னால் போய், முதுகைத் தன் மார்பில் தாங்கி, இரண்டு கையாலும் வயிற்றுக்கு மேலே கட்டிக்கொண்டாள். என்ன வேண்டுவது என்று தேடினாள். யாரை என்றும் தேடினாள். செம்புக் கன்னம் உரிந்த அந்தச் சின்ன உருவம் நினைவுக்கு வந்தது. சுவர் நினைவுக்கு வந்தது. வாய் வெறுமனே அசைந்தது.

"வருது," என்றாள் மருத்துவச்சி. "இரு. இரும்மா. கையைக் குடு. இது..." அவள் குரல் நின்றது.

நின்முவின் உடம்பு முழுக்க ஒரே இழுப்பாக இறுகியது. அமகல்லாவால் பார்க்க முடியவில்லை. மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கல் மூடவில்லை. பாயின் இடுக்கு வழியாக வந்த உச்சிவெயில் அதன் சிப்பிக் கண்களில் விழுந்திருந்தது. புடவை விளிம்பிலிருந்து ஒரு பொருக்கு உப்பு பெயர்ந்து ஈரச்சக்கையில் உதிர்ந்தது. மார்பில் கைகோத்து, முழங்கால்வரை கள்மணக்கும் சேற்றில் நின்றுகொண்டு, அவள் முதன்முதலாகத் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.